பெட்ரோசியன் – போட்வின்னிக், 1963: ஐந்தாவது ஆட்டமும் ஜி7 மந்திரியும்

1963ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலக சதுரங்க வாகையர் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில், டிக்ரான் பெட்ரோசியன் வெள்ளைக் காய்களுடன் மிகைல் போட்வின்னிக்கை 48 நகர்த்தல்களில் வென்றார். கருப்பு ஆடியது குருன்ஃபெல்ட் தற்காப்பு. சதுரங்க நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் ஆட்டங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலான நூல்கள் இதை 'ராஜாவின் நடைப்பயணம்' என்ற தலைப்பின் கீழ் தருகின்றன. வெள்ளை ராஜா பலகையின் நடுவே நடந்து எதிரியின் கோட்டைக்குள் புகுந்து வெல்கிறது. பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்த நடை தொடங்குவது 31ஆவது நகர்த்தலில். ஆட்டத்தின் முக்கியமான வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பதும், அந்த வேலை ஜி7 கட்டத்தில் நின்ற கருப்பு மந்திரியைப் பற்றியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கட்டங்களின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். வெள்ளையின் இடது கையிலிருந்து நேர்வரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். குதிரைக்குக் 'கு', மந்திரிக்கு 'ம', யானைக்கு 'யா', ராஜாவுக்கு 'ரா'. ராணி ஒரே ஒரு முறைதான் நகர்கிறது. அதை முழுதாகவே எழுதியிருக்கிறோம். சிப்பாய் நகர்வுக்குக் கட்டத்தின் பெயர் மட்டும் போதும். பக்கத்தில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

போட்டியின் நிலை

போட்வின்னிக்குக் அப்போது வயது 51. 1948இல் முதன்முறை உலக வாகையரானவர்; இடையில் ஸ்மிஸ்லோவிடமும் தாலிடமும் பட்டத்தை இழந்து, இரண்டு முறையும் மறுபோட்டியில் மீட்டவர். இம்முறை அந்த மறுபோட்டி உரிமை இல்லை. பெட்ரோசியனுக்கு வயது 33. முந்தைய ஆண்டு குராசாவோவில் நடந்த வேட்பாளர் போட்டியில் 27 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், 8 வெற்றி 19 சமநிலையுடன் முதலிடம் பெற்று வந்திருந்தார். 'தோற்கவும் மாட்டார், வெல்லவும் அவசரப்பட மாட்டார்' என்ற பெயர் அவருக்கு அப்போதே ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டத்தில் பெட்ரோசியன் வெள்ளையாக ஆடியும் தோற்றார். அடுத்த மூன்றும் சமநிலை. ஆக, ஐந்தாவது ஆட்டத்துக்கு உட்காரும்போது அவர் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார். அந்த நிலையில் எதிராளி ஃபியான்கெட்டோ தற்காப்பைத் தேர்ந்தெடுக்கிறார். அடித்து ஆட வேண்டிய நேரம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஃபியான்கெட்டோவை எதிர்கொள்ளும் வழக்கமான வழிகள்

ஃபியான்கெட்டோ என்பது 'பக்கம்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஜி சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்து, அது விட்டுச்சென்ற ஜி7 கட்டத்தில் மந்திரியை நிறுத்துவது. அங்கிருந்து அந்த மந்திரி எஃப்6, இ5, டி4, சி3, பி2, ஏ1 என்று பலகையின் மிக நீளமான மூலைவிட்டத்தைப் பார்க்கிறது. தன் ராஜாவுக்குக் காவல், எதிரியின் ராணிப் பக்கத்துக்கு அச்சுறுத்தல் என இரண்டு வேலையையும் ஒரே காய் செய்கிறது.

இதற்கு எதிராகப் புதிதாக ஆடக் கற்பவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் வழி, ராணியையும் மந்திரியையும் ஒரே கோட்டில் வைத்து எச்6இல் மந்திரியைப் புகுத்தி, அந்த ஜி7 மந்திரியைப் பரிமாறிவிடுவது. பிறகு எச் சிப்பாயை ஓட்டி ராஜாவைத் தாக்குவது. இது கூர்மையான வழி. இன்னொரு வழி, நடுவில் சிப்பாய்களைப் பூட்டி மூலைவிட்டத்தை அடைத்துவிடுவது. கிங்ஸ் இந்தியன் தற்காப்புக்கு எதிராக டி5 என்று சிப்பாயைத் தள்ளும் முறைக்குப் பெட்ரோசியனின் பெயரே வழங்குகிறது. ஆனால் குருன்ஃபெல்ட்டில் அப்படிப் பூட்டுவது எளிதல்ல. 1922இல் ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததன் நோக்கமே வேறு. கருப்பு தன் டி சிப்பாயை உடனே நடுவில் மோதவிட்டு, வெள்ளையைப் பெரிய சிப்பாய் மையம் கட்டச் சொல்லி, பிறகு அந்த மையத்தை மூலைவிட்ட மந்திரியாலும் சி5 அடியாலும் இடிக்கும். வெள்ளையின் மையம் பெரிதாக இருந்தால்தான் அந்த மந்திரிக்கு இரை.

பெட்ரோசியன் அந்த இரையை வைக்கவே இல்லை.

1. சி4 ஜி6 2. டி4 கு-எஃப்6 3. கு-சி3 டி5 4. கு-எஃப்3 ம-ஜி7 5. இ3 0-0 6. ம-இ2 டி×சி4 7. ம×சி4 சி5 8. டி5 இ6 9. டி×இ6 ராணி×டி1+ 10. ரா×டி1 ம×இ6 11. ம×இ6 எஃப்×இ6

ஐந்தாவது நகர்த்தலில் இ4 அல்ல, இ3. ஆறாவதில் மந்திரி இ2க்கு வந்து, ஏழாவதில் மீண்டும் சி4க்கு நகர்கிறது. ஒரு நகர்த்தலை வீணாக்கியதுபோல் தோன்றும். உண்மையில் வீணாக்கியதுதான், பெட்ரோசியன் அதைப் பொருட்படுத்தவில்லை. எட்டாவதில் டி5 தள்ளியதும் கருப்பு இ6 என்று அதை உடைக்கிறது. ராணிகள் மறைகின்றன. வெள்ளை ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து டி1இல் நிற்கிறது. தொடக்க ஆட்டப் புத்தகத்தின்படி பார்த்தால் வெள்ளைக்கு இங்கே பெருமைப்பட எதுவும் இல்லை.

ஆனால் பலகையில் என்ன மிச்சம் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். வெள்ளையின் டி4 சிப்பாய் போய்விட்டது. ஜி7 மந்திரி கடிக்க வேண்டிய மையமே இல்லை. கருப்பின் டி சிப்பாயும் இல்லை. எஃப் சிப்பாய் இ6க்கு மாறிவிட்டது. இ6இல் நிற்கும் அந்தச் சிப்பாய்க்கு இரு பக்கமும் துணை இல்லை. இதைத் 'தனித்த சிப்பாய்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே அது பலவீனம் என்பதைவிட முக்கியமானது அதற்கு முன்னாலுள்ள இ4 கட்டம். இ4ஐத் தாக்க வேண்டுமானால் கருப்புச் சிப்பாய் டி5இலோ எஃப்5இலோ நிற்க வேண்டும். டி, எஃப் இரண்டு வரிசையிலும் கருப்புக்குச் சிப்பாயே கிடையாது. இ4 வெள்ளைக் கட்டம். கருப்பிடம் மிஞ்சிய மந்திரியோ கருப்புக் கட்டங்களில் மட்டும் ஓடுவது. ஆகவே அங்கே ஒரு குதிரை அமர்ந்தால் அதைச் சிப்பாயாலும் விரட்ட முடியாது, மந்திரியாலும் தொட முடியாது.

11ஆவது நகர்த்தலில் பெட்ரோசியன் தன் நல்ல மந்திரியைத் தானே போய்ப் பரிமாறியதற்கு இதுதான் காரணம். இந்த ஆட்டத்தை முதல்முறை ஆடிப் பார்த்தபோது அந்த நகர்த்தலை நான் 'எளிமைப்படுத்துகிறார்' என்று நினைத்துத் தாண்டிச் சென்றேன். பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இ4 கட்டத்துக்கான வழி

12. ரா-இ2 கு-சி6 13. யா-டி1 யாஏ-டி8 14. யா×டி8 யா×டி8 15. கு-ஜி5 யா-இ8 16. குஜி-இ4 கு×இ4 17. கு×இ4 பி6

12ஆவது நகர்த்தலில் ராஜா இ2க்கு வந்து உட்கார்கிறது. ராணிகள் இல்லாத பலகையில் ராஜா ஒளிய வேண்டியதில்லை; அங்கேயே நின்று இரு பக்கத்துக்கும் போகலாம். கருப்பு ராஜாவோ ஜி8இல் கோட்டைக்குள் இருக்கிறது. கருப்பு ஐந்தாவது நகர்த்தலிலேயே கோட்டை கட்டியது இப்போது ஒரு குறையாகிவிட்டது.

15. கு-ஜி5 என்பதைத்தான் இந்த ஆட்டத்தின் மிக நுட்பமான நகர்த்தலாக நான் கருதுகிறேன். குதிரை இ6 சிப்பாயைத் தாக்குகிறது. கருப்பின் ஒரே யானை டி8இல், முழுக்கத் திறந்த டி வரிசையில் நிற்கிறது. கருப்பின் மிகச் சுறுசுறுப்பான காய் அதுதான். இ6ஐக் காக்க அது இ8க்குப் போக நேர்கிறது. டி வரிசை கைவிட்டுப் போகிறது. இதைச் சாதித்தவுடன் குதிரை ஜி5இல் இருந்து இ4க்குத் திரும்புகிறது. அது அங்கேதான் போக விரும்பியது. வழியில் எதிரியின் யானையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. நேரே இ4க்கு வழி தேடியிருந்தால் இந்தக் கூலி கிடைத்திருக்காது.

இப்போது வெள்ளையிடம் இ4இல் ஒரு குதிரை. கருப்பிடம் சி6இல் ஒரு குதிரை. சி5 சிப்பாயை இ4 குதிரை தாக்குவதால் பி6 என்று கருப்பு அதற்குத் துணை வைக்கிறது. அந்த பி6 அப்போதைக்கு இயல்பானது. பின்னால் அதுவே கருப்பின் கழுத்தில் கயிறாகிறது.

இரை இல்லாத மந்திரி

18. யா-பி1 கு-பி4 19. ம-டி2 கு-டி5 20. ஏ4 யா-சி8 21. பி3 ம-எஃப்8 22. யா-சி1 ம-இ7

இந்த ஐந்து நகர்த்தல்களைத்தான் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆட்டத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

17ஆவது நகர்த்தலுக்குப் பின் நிலையைப் பாருங்கள். சி3இல் நின்ற குதிரை போய்விட்டதால் ஜி7 மந்திரியின் பார்வை தடையின்றி பி2 வரை பாய்கிறது. பி2 சிப்பாயைக் காக்க வெள்ளையின் மந்திரி சி1ஐ விட்டு அசைய முடியாது. அது அசையாததால் மூலையில் உள்ள யானையும் வெளியே வர முடியாது. ஒரே ஒரு மந்திரி தூரத்திலிருந்து வெள்ளையின் இரண்டு காய்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஃபியான்கெட்டோவின் உண்மையான வலிமை இதுதான். ஏதாவது ஒன்றை வெட்டுவதைவிட எதையும் நகரவிடாமல் வைத்திருப்பது.

பெட்ரோசியனின் விடை மிக மெதுவானது. முதலில் யானை பி1க்கு வந்து பி2ஐத் தாங்கிக்கொள்கிறது. அதனால் மந்திரிக்கு விடுதலை. அது டி2க்கு வருகிறது. பிறகு ஏ4. பிறகு பி3. இந்த இரண்டு சிப்பாய் நகர்வுகளும் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் பி2 கருப்புக் கட்டம். பி3 வெள்ளைக் கட்டம். ஏ4உம் வெள்ளைக் கட்டம். கருப்புக் கட்ட மந்திரியால் இனி இந்த இரண்டையும் ஒருபோதும் தொட முடியாது. மூலைவிட்டம் முழுக்கத் திறந்திருக்கிறது, எவரும் அதை அடைக்கவில்லை. ஆனால் அதன் நெடுகிலும் ஒரு வெள்ளைக் காயோ சிப்பாயோ நிற்கவில்லை. ஜி7இல் இருந்து ஏ1 வரை பார்க்கலாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

போட்வின்னிக்கின் மறுமொழி: 21... ம-எஃப்8. மந்திரி தானாகவே மூலைவிட்டத்தைக் கைவிட்டு, சி5 சிப்பாயைக் காக்கும் வேலைக்கு வருகிறது. அடுத்து இ7. எச்6 வழியாக யாரும் புகவில்லை. எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை. ராஜாப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சிப்பாய்கூட நகரவில்லை. ஃபியான்கெட்டோ கலைந்துவிட்டது. ஜி6 சிப்பாய் மட்டும் அதன் நினைவாக நிற்கிறது.

போட்வின்னிக்கைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த நிலையில் மந்திரியை ஜி7இலேயே வைத்திருந்தால் சி5 விழுந்திருக்கும். கேள்வி, அவர் ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்பதுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

பி4, பிறகு பி5

23. பி4 சி4 24. பி5 ரா-எஃப்7 25. ம-சி3 ம-ஏ3 26. யா-சி2 கு×சி3+ 27. யா×சி3 ம-பி4 28. யா-சி2 ரா-இ7

23. பி4 என்பது மேலோட்டமாக ஒரு சிப்பாயை மூன்று கருப்புக் காய்களின் வாயில் வைப்பது: சி5 சிப்பாய், டி5 குதிரை இரண்டும் நேரடியாக எடுக்கலாம், இ7 மந்திரி பின்னாலிருந்து ஆதரவு தருகிறது. ஆனால் சி1இல் வெள்ளை யானை, சி8இல் காவலற்ற கருப்பு யானை. இடையில் சி5 சிப்பாய். அந்தச் சிப்பாய் பி4ஐ எடுத்தால் சி8 யானை போய்விடும். குதிரையால் எடுத்தால் வெள்ளை மந்திரி அதை வெட்டும். திரும்ப எடுக்க அதே சி5 சிப்பாய்தான், அதுவோ நகரக்கூடாது. ஆகவே சி5 சிப்பாய் முன்னே ஓட வேண்டியதாகிறது: சி4. உடனே பி5.

இப்போது இரு பக்கச் சிப்பாய்களும் எந்த நிறக் கட்டத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். வெள்ளையின் ஏ4, பி5 இரண்டும் வெள்ளைக் கட்டம். கருப்பு மந்திரிக்கு அவற்றின் மீது எந்த அதிகாரமும் இல்லை. கருப்பின் ஏ7, பி6 இரண்டும் பூட்டப்பட்டு நிற்கின்றன. சி4 சிப்பாயோ துணையின்றி வெகுதூரம் வந்துவிட்டது.

அடுத்த நகர்த்தல் எனக்கு மிகவும் பிடித்தது: 25. ம-சி3. வெள்ளை மந்திரி சி3இல் நின்று டி4, இ5, எஃப்6, ஜி7, எச்8 என்று பார்க்கிறது. கருப்பு கட்டிவைத்த அதே மூலைவிட்டத்தை இப்போது வெள்ளை வைத்திருக்கிறது. கருப்பின் மந்திரி அதே சமயம் ஏ3 என்ற பலகையின் ஓரத்தில் நிற்கிறது. அடுத்த நகர்த்தலிலேயே போட்வின்னிக் தன் டி5 குதிரையைக் கொடுத்து அந்த மந்திரியை அகற்றினார். அவரிடம் இருந்த ஒரே நல்ல காய் அந்தக் குதிரை. மிஞ்சியது: வெள்ளையிடம் ஒரு யானையும் இ4 குதிரையும், கருப்பிடம் ஒரு யானையும், எதையும் தாக்க முடியாத ஒரு மந்திரியும்.

குதிரையைவிட மந்திரி ஒரு துளி மேல் என்று சதுரங்கம் கற்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கிறார்கள். அந்தத் துளிக் கணக்கு இந்த நிலையில் செல்லாது.

ராஜா நடக்கிறது

29. கு-டி2 சி3 30. கு-இ4 ம-ஏ5 31. ரா-டி3 யா-டி8+ 32. ரா-சி4 யா-டி1 33. கு×சி3 யா-எச்1 34. கு-இ4 யா×எச்2 35. ரா-டி4 ரா-டி7 36. ஜி3 ம-பி4 37. ரா-இ5 யா-எச்5+ 38. ரா-எஃப்6 ம-இ7+ 39. ரா-ஜி7 இ5 40. யா-சி6 யா-எச்1 41. ரா-எஃப்7 யா-ஏ1 42. யா-இ6 ம-டி8 43. யா-டி6+ ரா-சி8 44. ரா-இ8 ம-சி7 45. யா-சி6 யா-டி1 46. கு-ஜி5 யா-டி8+ 47. ரா-எஃப்7 யா-டி7+ 48. ரா-ஜி8. கருப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

புகழ்பெற்ற பகுதி இது. எல்லோரும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சிப்பாய்களின் எண்ணிக்கை. 33ஆவது நகர்த்தலில் வெள்ளை சி3ஐ எடுத்து 6க்கு 5 என முந்துகிறது. அடுத்ததிலேயே கருப்பு யானை எச்2ஐ எடுக்கிறது, 5க்கு 5. பெட்ரோசியன் அந்தச் சிப்பாயைக் காக்க முயலவே இல்லை. இத்தனை உழைப்பில் வென்ற ஒரே பொருளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, குதிரையை மறுபடியும் இ4இல் உட்கார வைத்தார். கருப்பு யானை ஒரு சிப்பாயுடன் பலகையின் ஓரத்தில் நிற்க, வெள்ளை ராஜா நடுவில் நடக்கத் தொடங்குகிறது. சிப்பாய் எண்ணிக்கை சமமான நிலையில் இருந்துதான் இந்த ஆட்டம் வெல்லப்பட்டது. 'ஒரு சிப்பாய் முந்தி, அதைக் கொண்டு வென்றார்' என்று சுருக்கி எழுதுபவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாவது, 39. ரா-ஜி7. வெள்ளை ராஜா இப்போது நிற்பது நான்காவது நகர்த்தலில் கருப்பு மந்திரி வந்து அமர்ந்த அதே கட்டம். அந்த மந்திரி அதற்கு முந்தைய நகர்த்தலில் இ7இல் இருந்து கொடுத்த சதித்தான் ராஜாவை அங்கே அனுப்பியது. ஜி7, எஃப்8, இ7, ஏ3, பி4, ஏ5, மீண்டும் பி4, மீண்டும் இ7, டி8, சி7: இதுதான் அந்த மந்திரியின் பயணம். அது காலி செய்த வீட்டில் எதிரி ராஜா குடியேறிவிட்டது. ஆட்டம் முடியும்போது அந்த ராஜா நிற்பது ஜி8இல். கருப்பு ராஜா கோட்டை கட்டி ஒளிந்த கட்டம்.

40ஆவது நகர்த்தலில் வெள்ளை யானை சி6இல் இறங்குகிறதே, அதைக் கருப்பு ராஜா ஏன் எடுக்க முடியவில்லை? 24ஆவது நகர்த்தலில் வைத்த பி5 சிப்பாய் அதைக் காக்கிறது. 43இல் யானை டி6இல் சதி சொல்கிறது; அங்கே அதைக் காப்பது இ4 குதிரை. 45இல் யானை மீண்டும் சி6, மீண்டும் பி5. 12இல் இருந்து 24 வரை செய்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகப் பயனுக்கு வருகின்றன. இறுதி நிலையில் சி7 மந்திரி தன் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது; அடுத்து குதிரை இ6க்கு வந்தால் அதன் மீது இரட்டைத் தாக்குதல். பரிமாற்றம் எல்லாம் நடந்து முடிந்தாலும் எச்7, ஜி6 சிப்பாய்கள் வெள்ளை ராஜாவின் காலடியில் கிடக்கின்றன.

கருப்பு எங்கே தவறியது

ஆட்டத்தைப் புகழும் கட்டுரைகள் கருப்பு எதுவும் செய்திருக்க முடியாது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகின்றன. அது சரியல்ல. 11ஆவது நகர்த்தலுக்குப் பின் கருப்பின் நிலை தோற்ற நிலை அல்ல.

என் மதிப்பில் கேள்விக்குரியது 12... கு-சி6. காயை வெளியே கொண்டுவரும் இயல்பான நகர்த்தல்தான். ஆனால் இ4 கட்டத்தின் மீது அதற்கு எந்தச் செல்வாக்கும் இல்லை. அங்கே 12... கு-டி5 ஆடியிருந்தால்? வெள்ளை அந்தக் குதிரையை எடுத்தால் இ6 சிப்பாய் டி5க்கு வரும். ஒரே அடியில் தனித்த இ6 சிப்பாய் மறைந்து, இ4ஐயும் சி4ஐயும் தடுக்கும் ஒரு சிப்பாய் நடுவில் பிறந்திருக்கும். எஃப்6 குதிரை விலகியதால் ஜி7 மந்திரியின் மூலைவிட்டமும் திறந்து, பி2 மீது உடனே பார்வை விழும். வெள்ளை எடுக்காமல் கு-இ4 என்றால் சி5க்குக் காவல் வைக்கக் கருப்புக்கு நேரம் இருக்கிறது. இதில் கருப்பு வென்றிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜி7 மந்திரிக்கு உயிர் இருந்திருக்கும். பெட்ரோசியன் 15ஆவது நகர்த்தலில் எடுத்த அந்தக் கூலியும் கிடைத்திருக்காது.

15... யா-இ8உம் எனக்கு நெருடல்தான். ஒரே திறந்த வரிசையை ஒரு சிப்பாய்க்காகக் கைவிடுவது போட்வின்னிக் தன் மாணவர்களிடம் ஏற்றுக்கொள்ளும் வகை ஆட்டமல்ல. மின்பொறியாளர், ஆட்டத்துக்கு முந்தைய ஆயத்தத்தை அறிவியல்போல் நடத்தியவர், சிப்பாய் அமைப்பு, திறந்த வரிசை, இறுதியாட்டம் ஆகியவற்றில் ஒரு தலைமுறைக்கே ஆசிரியர். அவருடைய சொந்த நிலத்தில் வைத்துத்தான் இந்த ஆட்டம் வெல்லப்பட்டது. தாலிடம் 1960இல் தோற்றபோது சிக்கலான தாக்குதல் ஆட்டங்களில் நேரம் போதாமல் தடுமாறினார் என்று சொல்ல முடிந்தது. இங்கே அந்தச் சமாதானம் கிடையாது. ராணிகள் ஒன்பது, பத்தாம் நகர்த்தலிலேயே பலகையை விட்டுப் போய்விட்டன. சூதோ பலியோ இல்லை.

பெட்ரோசியன் பற்றிய பெயர்

பெட்ரோசியனைத் 'தற்காப்பு வீரர்' என்று வகைப்படுத்துவது இன்றும் வழக்கம். இளம் வயதில் நிம்சோவிச்சின் நூலைப் பாடமாகப் படித்தவர் என்பதும், எதிராளியின் திட்டத்தை முன்கூட்டியே தடுப்பதில் வல்லவர் என்பதும் உண்மை. ஆனால் தடுப்பது என்றால் ஒதுங்கி நிற்பது என்று பொருள் கொள்கிறார்கள். இந்த ஆட்டத்தில் பின்வாங்கியது வெள்ளை அல்ல. 12இல் இருந்து 28 வரை கருப்பின் காய்கள் எத்தனை முறை முன்னேறின, எத்தனை முறை காவலுக்குத் திரும்பின என்று குறித்துப் பாருங்கள்: யானை டி8இல் இருந்து இ8, பின் சி8, மந்திரி ஜி7இல் இருந்து எஃப்8, இ7. இவை அனைத்தும் ஏதோ ஒரு சிப்பாயைக் காக்க நடந்த நகர்வுகள். தற்காத்துக்கொண்டிருந்தவர் போட்வின்னிக்.

பயிற்சி நூல்கள் இந்த ஆட்டத்தை ராஜாவின் நடைக்காக மட்டும் தருவதில் எனக்கு இருக்கும் குறை இதுதான். 31ஆவது நகர்த்தலில் இருந்து படம் போட்டுத் தொடங்கினால் மாணவர் ஒரு துணிச்சலான ராஜாவைப் பார்ப்பார். தன் ஆட்டத்திலும் ராஜாவை வெளியே அனுப்பிப் பார்த்து அடிவாங்குவார். பி3இல் இருந்து தொடங்கிக் காட்டினால், ஃபியான்கெட்டோ மந்திரிக்கு எதிரே தன் சிப்பாய்கள் எந்த நிறக் கட்டத்தில் நிற்கின்றன என்று முதல்முறையாகக் கவனிப்பார். ஒன்று புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். மற்றது அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலேயே உதவும்.

இந்த வெற்றியுடன் போட்டி சமநிலைக்கு வந்தது. ஏழாவது ஆட்டத்தில் பெட்ரோசியன் மீண்டும் வென்று முன்னிலை பெற்றார். 14ஆவதில் போட்வின்னிக் ஒரு முறை சமன் செய்தார். 15ஆவதிலேயே அந்த முன்னிலை திரும்பியது. 18, 19 ஆட்டங்களும் பெட்ரோசியனுக்கே. 22 ஆட்டங்களில் 12½–9½ என்ற கணக்கில் பட்டம் கைமாறியது. போட்வின்னிக் அதற்குப் பிறகு உலக வாகையர் பட்டத்துக்காக ஆடவில்லை.